சமய ஆராய்ச்சியும் நூலகமும்

முன்னுரை

கற்றவர் கூறியதைக் கேட்டு மகிழ்வது ஒன்று. அவர் எதைக் கண்டு அவ்வாறு கூறினார் என்று தேடிச் செல்வது மற்றொன்று. முன்னது கல்வி, பின்னது ஆராய்ச்சி. இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது ஒரு சிறு கேள்வியாகும்.

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு ஒன்று எழுதி அளித்தல் வேண்டும். சைவ சித்தாந்தம் கூறும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளைப் பற்றி எழுத நான் முற்பட்டேன். முதல் இயலை எழுதி எம் பேராசிரியரிடம் கொடுத்தேன். அதில், 'ஆகமம் இவ்வாறு கூறுகிறது' என்று ஏழு இடங்களில் எழுதியிருந்தேன். மறுநாள் தாள்கள் திரும்பி வந்தன. ஏழு இடங்களிலும் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில், 'நீ பார்த்தாயா?' என்று எழுதியிருந்தார்.

நான் பார்க்கவில்லை. ஒருவர் எழுதிய நூலிலிருந்து எடுத்திருந்தேன். அவர் மற்றொருவர் நூலிலிருந்து எடுத்திருந்தார். பின்னோக்கிச் சென்றால், பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சிவஞான போதத்திற்கு எழுதிய மாபாடியத்தில் சென்று முடிந்தது. முனிவர் ஆகமங்களை நேரே கற்றவர். அவர் பார்த்திருந்தார். அவருக்குப் பின் வந்த எங்களுள் எத்தனை பேர் பார்த்தோம்?

பார்க்க வேண்டுமெனில் ஆகமம் எங்கே இருக்கிறது? அதனை வைத்திருப்பவர் யார்? என்னைப் போன்ற ஓர் அரசு கல்லூரி மாணவனுக்கு அவர் அதனைக் காட்டுவாரா? இக்கேள்விகளுக்கு விடை தேடிச் சென்றபோதுதான், சமய ஆராய்ச்சியின் வரலாறு என்பது ஒரு பாதி நூலகங்களின் வரலாறே என்பதை உணர்ந்தேன். அவ்வாறு நான் அறிந்துகொண்டவற்றை மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலமாரி சொல்லும் செய்தி

தேடலை எம் கல்லூரி நூலகத்திலேயே தொடங்கினேன். சமயத்திற்கென அங்கே ஓர் அலமாரி உண்டு. சைவ சித்தாந்த நூல்களின் முதுகில் 294.5 என்று தொடங்கும் எண் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டாண்டுகளாக அந்த எண்ணைப் பார்த்து வந்த நான், அது ஏன் அந்த எண் என்று அன்றுதான் நூலகரைக் கேட்டேன். அவர் பொறுமையுடன் விளக்கினார்.

அமெரிக்க நாட்டு மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையில் 200 முதல் 299 வரையுள்ள எண்கள் சமயத்திற்கு உரியவை. அந்நூறில் 220 முதல் 289 வரை கிறித்தவ சமயத்திற்கே ஒதுக்கப்பட்டன. விவிலியத்திற்கு 220; கிறித்தவ இறையியலுக்கு 230; பிறவும் அவ்வாறே. உலகின் ஏனைய சமயங்கள் அனைத்தும் 290 முதல் 299 வரையுள்ள பத்து எண்களுக்குள் அடங்கின. அப்பத்தில் ஒன்றான 294இன் ஒரு கிளையே 294.5. சைவம், வைணவம், சாக்தம் எல்லாம் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் இடம்பெற்றன.

இதில் டூயியைக் குறை சொல்லிப் பயனில்லை. தம் நாட்டுக் கல்லூரியில் இருந்த நூல்களை அடுக்கவே அவர் முறை வகுத்தார். ஆயினும் அம்முறை உலகெங்கும் பரவியபோது, எது நடுவில் இருப்பது, எது ஓரத்தில் இருப்பது என்னும் ஒரு தீர்ப்பும் உடன் பரவியது. நூலை எடுக்கவரும் மாணவன் அத்தீர்ப்பை அறியாமலே ஏற்றுக்கொள்கிறான்.

இதனை மாற்றி எண்ணியவர் சீகாழியைச் சேர்ந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதில் வேதநெறியும் பிற்கால இந்து சமயமும் முதலிரண்டு இடங்களைப் பெறுகின்றன. சமணம், பௌத்தம், யூதம், கிறித்தவம், இசுலாம் ஆகியன அவற்றின்பின் நிரலே ஒவ்வொரு முழு எண்ணைப் பெறுகின்றன. இவற்றுள் எச்சமயமும் மற்றொன்றின் மிச்சத்தில் அடைக்கப்படவில்லை. டூயி பகுப்பைப் பேணி வருவோரும் பிற்காலத்தில் சமயப் பகுதிக்கு மாற்று வரிசை ஒன்றை வகுத்துத் தந்துள்ளனர். ஆகவே அலமாரியும் ஒரு கருத்தைச் சொல்கிறது என்பதும், நூலகர் செய்யும் வேலை வெறும் அடுக்கல் அன்று என்பதும் தெளிவாகும்.

எங்கள் அலமாரியில் சாத்திர உரைகள் இருந்தன; வரலாறுகள் இருந்தன. மூல ஆகமம் ஒன்றும் இல்லை.

காவல் என்னும் பணி

அடுத்து, ஓலைச்சுவடிகள் உள்ள பழைய நூலகம் ஒன்றிற்குப் பேருந்து ஏறிச் சென்றேன். அறிமுகக் கடிதம் இல்லாமல் பார்க்க இயலாது என்றனர். துறைத்தலைவரிடம் கடிதம் பெற்று இரண்டாம் முறை சென்றேன். கடிதத்தை வாங்கிப் படித்தவர், 'தம்பி, அந்தக் கட்டைப் பிரித்தால் ஓலை உதிர்ந்துவிடும். நாங்களே தொடுவதில்லை' என்றார். சினத்தோடு திரும்பினேன். பேருந்தில் வரும்போதுதான் அவர் சொன்னதும் உண்மைதானே என்று தோன்றியது. அவர் காவலர். காப்பது அவர் கடமை. ஆனால் யாரும் தொடாத ஏடு யாருக்காகக் காக்கப்படுகிறது?

இந்த முரண்பாடு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டுச் சீனாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீன் மடம் உள்ளது. ஆறாம் நூற்றாண்டில் யுஸ்டினியன் பேரரசர் கட்டுவித்தது. பாலைவனத்தின் வறண்ட காற்றும் துறவியரின் காவலும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஏடுகளை அங்கே அழியாமற் காத்தன. அவற்றுள் ஒன்று, நான்காம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் தோலில் எழுதப்பெற்ற விவிலியம். 'சீனாய்ச் சுவடி' என்று அதனை இன்று அழைக்கின்றனர்.

ஜெர்மானிய அறிஞர் டிஷெண்டார்ஃப் 1844இல் அம்மடத்திற்குச் சென்று அச்சுவடியின் 43 ஏடுகளைக் கொண்டுவந்தார். அவை லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1859இல் மீண்டும் சென்று பெரும்பகுதியைப் பெற்றார். அது இரசிய மன்னரிடம் போய்ச் சேர்ந்தது. திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தே அவர் எடுத்துச் சென்றார் என்பது மடத்தாரின் வழக்கு. 1933இல் சோவியத் அரசு அதனை ஒரு இலட்சம் பவுனுக்குப் பிரிட்டனுக்கு விற்றது. 1975இல் மடத்திலேயே மூடிக்கிடந்த ஓர் அறையில் மேலும் சில ஏடுகள் அகப்பட்டன. இவ்வாறு ஒரு நூல் இலண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் என நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தது.

இச்சுவடி அறிஞர் கைக்கு வந்ததால் விளைந்த பயன் சிறிதன்று. மாற்கு நற்செய்தியின் இறுதியில் வழக்கமாக அச்சிடப்படும் 12 வசனங்கள் இதில் இல்லை. பதினாறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு நற்செய்தி முடிந்துவிடுகிறது. நற்செய்தி முதலில் எங்கே முடிந்தது என்ற கேள்வி கிறித்தவ இறையியலில் ஒரு பெரிய கேள்வியாயிற்று. மடத்தில் இருந்தபோது செல்வமாக இருந்தது, அறிஞர் அணுகும் நூலகத்திற்கு வந்தபோது சான்றாக மாறியது. அறிஞர் உலகம் பெற்றது பெரிது. ஆனால் மடம் இழந்ததும் பெரிது. காத்தவரிடமிருந்து எடுத்தால்தான் கற்பவருக்குக் கிடைக்கும் என்பதே அக்காலத்து நிலை.

பெட்டிக்குள் உறங்கிய நூல்

நம் மண்ணோடு தொடர்புடைய வேறோர் எடுத்துக்காட்டையும் காண்போம். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றதையும் அச்சுக்கூடம் நிறுவியதையும் நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். அவர் ஒரு தமிழ் நூலகமும் அமைத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏடுகளைத் தேடி வாங்கினார், படித்தார், 1708இல் அவற்றிற்கு ஓர் அட்டவணையும் எழுதினார். நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் இடம்பெற்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். வெறும் பெயர்ப்பட்டியலாக நில்லாமல், ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது என்ற குறிப்பும் எழுதினார்.

அந்நூல்களைக் கொண்டு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மானிய மொழியில் ஒரு பெருநூலை 1713இல் எழுதி முடித்து, தம்மை உருவாக்கிய ஹாலே நகரத்துக் கல்வி நிறுவனத்திற்கு அனுப்பினார். அங்கு அது அச்சேறவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவிற்குள் கொண்டுவருவதா என்ற எண்ணம் அங்கிருந்த பெரியோரிடம் இருந்தது. எழுதியவர் 1719இல் மறைந்தார். அவர் நூல் 1867இல்தான், அதுவும் சென்னையில், அச்சு வடிவம் பெற்றது. இடைப்பட்ட காலம் 154 ஆண்டுகள்.

இங்கே இருவகைக் காவலை நாம் காண்கிறோம். அழியாமற் காப்பது ஒன்று; அணுகாமற் காப்பது மற்றொன்று. ஹாலே ஆவணக் காப்பகம் அந்நூலை எறிந்துவிடவில்லை. அதற்காக நாம் நன்றி சொல்லுதல் வேண்டும். அதே நேரத்தில் நாலைந்து தலைமுறை அறிஞர்கள் அதனைப் படிக்க இயலாமல் போயிற்று. தம் சமயத்திற்கு ஆகாதது என்று கருதப்பட்ட நூலை அக்கால இறையியல் நூலகம் எரிக்கவும் வேண்டியதில்லை. வெளியிடாமல் வைத்திருந்தாலே போதும்.

சீகன்பால்குவின் 1708ஆம் ஆண்டு அட்டவணை ஆராய்ச்சிக் குறிப்புகளோடு 2012இல் முழுமையாக வெளியிடப்பட்டது. வெளியிட்ட இடம் எது தெரியுமா? புதுச்சேரி. தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவிற்குச் சென்ற அறிவு, முந்நூறு ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடிக்குச் சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊருக்குத் திரும்பி வந்தது. அந்தப் புதுச்சேரியில்தான் எனக்கு வேண்டிய ஆகமங்களும் இருந்தன.

ஒன்றுசேர்த்தல்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா, மருத்துவம் பயின்று பின் இந்தியவியல் அறிஞரானவர். சைவம் பற்றி ஐரோப்பியர் எழுதியவை பெரும்பாலும் வடமொழித் தத்துவ நூல்களையும் காசுமீரத்து நூல்களையும் சார்ந்திருந்தன. தமிழ்நாட்டுக் கோயில்களில் நாள்தோறும் நடைபெறும் வழிபாட்டிற்கு அடிப்படையான ஆகமங்கள், சிவாசாரியார் வீடுகளிலும் மடங்களிலும் பரணிலும் பெட்டியிலும் கிடந்தன. ஆகமம் 28 என்று மரபு சொல்லும். அவற்றுள் அச்சில் வந்தவை மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் கிரந்த எழுத்தில், குருக்கள்மாரின் பயனுக்காக அச்சிடப்பட்டவை.

பண்டிதர் என். ஆர். பட் என்பவர் ஊரூராகச் சென்று அவ்வேடுகளைத் தேடினார். கொடுக்க இசைந்தவரிடம் ஏட்டைப் பெற்றனர். கொடுக்க இசையாதவரிடம் இரவலாகப் பெற்று, தாளில் தேவநாகரி எழுத்தில் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே ஒப்படைத்தனர். சீனாயில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். இவ்வாறு எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகளும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தாள்படிகளும் அங்கே சேர்ந்தன. அவ்வூரில் உள்ள பிரெஞ்சுத் தூரகிழக்கு நிறுவனத்தின் சுவடிகளையும் சேர்த்து, புதுச்சேரிச் சைவச் சுவடித் தொகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

ஏடுகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்ப்பதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் மிகப் பெரிது. ஓலையில் எழுதும் தமிழில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். கிரந்தத்திலும் ஒத்த வடிவுடைய எழுத்துகள் பல. நம் தட்பவெப்பத்தில் ஓர் ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டுகள் தாங்கினாலே அரிது. ஆகவே பழைய நூல் எதுவாயினும் படியின் படியின் படியாகவே நம் கைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பிழை புகுந்திருக்கும். ஓர் ஊரில் ஓர் ஏட்டை மட்டும் வைத்திருப்பவர் அப்பிழையைப் பிழையென அறிய வழியில்லை. பத்து ஊர் ஏடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எழுதினவன் சொல், எது படியெடுத்தவன் கைப்பிழை என்று ஓரளவு தெரியும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சங்க நூல்களுக்குத் தம் வாழ்நாளெல்லாம் அலைந்து செய்த பணி இதுவே.

பட் அவர்கள் இம்முறையில் ரௌரவம், மிருகேந்திரம், அஜிதம், மதங்கபாரமேசுவரம் முதலிய ஆகமங்களை 1961 முதல் பதிப்பித்தார். பாடவேறுபாடுகள் அடிக்குறிப்பில் தரப்பட்டன. அதனால் பிற்காலத்தார் பதிப்பாசிரியரை நம்பினால் மட்டும் போதும் என்ற நிலை மாறி, அவர் தீர்ப்பைத் தாமே சோதித்துப் பார்க்கவும் முடிந்தது. நூலகம் காவலிடமாக இருந்த நிலைமாறி ஆய்வுக்கூடமாக மாறியது இங்கேதான். வேதியியல் மாணவர்க்குக் கூடத்தில் உள்ள தராசும் குடுவையும் எப்படியோ, சமய ஆராய்ச்சியாளர்க்கு ஒன்றுசேர்க்கப்பட்ட சுவடிகள் அப்படி.

இன்னொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். இறையியல் என்ற சொல்லைக் கிறித்தவர் மிகுதியாக ஆளுவர். சைவர் சித்தாந்தம் என்பர். அச்சமயத்தைச் சேர்ந்தவரே அதனைக் கற்பதும் கற்பிப்பதும் மரபாக இருந்தது. தீக்கை பெற்றவர்க்கே ஆகமம் என்பது விதி. பொது நூலகமும் பல்கலைக்கழக நூலகமும் வந்தபின், அச்சமயத்தைச் சாராதவரும் கற்கலாம் என்ற நிலை பிறந்தது. இதனை வருந்துவோரும் உளர். அவர் வருத்தத்தை நான் எள்ளமாட்டேன். ஏனெனில் வழிபாட்டோடு சேர்ந்து கற்பதில் உள்ள ஆழம் வேறு. ஆயினும் எக்குலத்தில் பிறந்தோரும், எவ்வூரிலிருந்து வந்தோரும் மூலத்தைத் திறந்து பார்க்கலாம் என்பது ஒரு விடுதலை. அது இல்லையேல் இக்கட்டுரையை நான் எழுதியிருக்க முடியாது.

திரையில் வந்த ஏடு

இன்று இவ்விடுதலை இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. நான்கு ஊர்களில் சிதறிக் கிடந்த சீனாய்ச் சுவடியின் படங்கள் 2009இல் ஒன்றுசேர்க்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டன. எந்த நிறுவனமும் தன் ஏட்டை விட்டுக்கொடுக்கவில்லை; ஆயினும் நூல் ஒன்றாயிற்று. 150 ஆண்டு வழக்கை இது தீர்த்துவிடவில்லை. ஆனால் கற்பவனுக்கு அவ்வழக்கு தடையாக இல்லாமல் செய்தது. நம் நாட்டிலும் 2003இல் தொடங்கப்பெற்ற தேசியச் சுவடி இயக்கம் ஊர்தோறும் உள்ள ஏடுகளைப் பட்டியலிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பல்லாயிரம் தமிழ் நூல்களை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறது. புதுச்சேரித் தாள்படிகள் பலவும் இணையத்தில் காணக் கிடைக்கின்றன.

அப்படித்தான் நானும் பார்த்தேன். ஒரு நள்ளிரவில், விடுதி அறையில், என் கைப்பேசியின் சிறு திரையில், எனக்கு வேண்டிய ஆகமத்தின் தாள்படி திறந்தது. இரண்டு முறை பேருந்தில் போய்ப் பார்க்க முடியாதது படுக்கையிலேயே வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பனை எழுப்பிக் காட்டினேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, 'என்னடா எழுதியிருக்கு?' என்றான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேவநாகரியில், யாரோ ஒருவர் வேகமாக எழுதிய கையெழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பேராசிரியர் கேட்ட, 'நீ பார்த்தாயா?' என்ற கேள்விக்கு, 'பார்த்தேன்' என்று இப்போது சொல்லலாம். ஆனால் அதைவிடப் பெரிய பொய் வேறு உண்டா?

கதவு திறந்திருந்தும் உள்ளே செல்ல இயலாத நிலை அது. பழைய நூலகத்தில் ஏட்டைக் கேட்டால், கூடவே அதனைப் படிக்கத் தெரிந்த பண்டிதர் ஒருவர் இருப்பார். திரையில் ஏடு மட்டும் வந்தது, பண்டிதர் வரவில்லை.

இன்னும் சில குறைகளும் தெரியவந்தன. படத்தை வைத்துக்கொண்டு கணினி தேடாது. அட்டவணையில் நூலகர் எழுதி வைத்த சொற்களையே தேடும். கையெழுத்தைக் கணினியே படிக்கும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன எனினும், நம் ஏடுகளுக்கு அவை இன்னும் முழுதும் கைகொடுக்கவில்லை. ஒரு கட்டில் பல நூல்கள் இருக்கும். மேலட்டையிலோ முதல் நூலின் பெயர் மட்டுமே இருக்கும். அதனைப் பிரித்துப் படித்து, 'இக்கட்டில் இன்னின்ன நூல்கள், இத்தனை ஏடுகள், இன்ன இடத்தில் சிதைவு' என்று ஒருவர் எழுதினால்தான் உலகத்திற்கு அந்நூல் உண்டு. எழுதாதவரை அந்நூல் இருந்தும் இல்லாததே. சீகன்பால்கு 1708இல் ஒவ்வொரு நூலுக்கும் குறிப்பெழுதினாரே, அப்பணியின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நிலைபேற்றையும் எண்ணுதல் வேண்டும். ஓலை இருநூறு ஆண்டு நின்றது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் இன்னும் நிற்கும். இணையத்தில் சென்ற ஆண்டு கண்ட பக்கம் இவ்வாண்டு இல்லாமற்போவதை நாமே காண்கிறோம். எண்ணெய் தடவுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்ததுபோல, மின்படங்களைக் காலந்தோறும் புதிய கருவிக்கு மாற்றவும் ஓர் ஆள் வேண்டும். ஆகவே நூலகரின் காவற்பணி முடிந்துவிட்டது என்று கருதுவது தவறாகும்.

கற்பிக்கும் நூலகம்

எங்கள் ஊரில் பள்ளியில் வடமொழி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். 'எழுத்துக் கற்க எத்தனை நாள் ஆகும் ஐயா?' என்று கேட்டேன். 'எழுத்துக்கு ஒரு மாதம். எழுதினவன் கையெழுத்துக்கு இரண்டு மாதம். பொருளுக்கு உன் ஆயுள்' என்று சிரித்தார். ஒவ்வொரு ஞாயிறும் சென்றேன். மூன்றாம் மாத முடிவில், அவர் துணையோடு, நான் தேடிய சுலோகத்தைத் தாள்படியில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அச்சிட்ட நூலில் கண்டதற்கும் அதற்கும் ஒரு சொல் வேறுபட்டிருந்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இரண்டு பாடங்களையும் அடிக்குறிப்பில் எழுதி வைத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய அடிக்குறிப்புகளுள் நானே கண்டு எழுதியது அது ஒன்றுதான்.

இவ்வனுபவத்திலிருந்து நான் கண்ட முடிவு இது. முதலில் நூலகம் காத்தது. பின்னர் ஒன்றுசேர்த்து ஒப்பிட உதவியது. இப்போது எல்லார்க்கும் திறந்துவிட்டது. திறந்தபின் அதற்கு உரிய பணி, படிக்கக் கற்பிப்பதே. ஏடு கிடைப்பது அரிதாக இருந்த காலம் போய், ஏட்டைப் படிப்பவர் கிடைப்பது அரிதாகும் காலம் வந்துவிட்டது. எட்டாயிரம் கட்டுகளும் திரைக்கு வந்து, அவற்றை வாசிப்பவர் எட்டுப் பேராகக் குறைந்துவிட்டால், அவை பரணில் கிடந்ததற்கும் திரையில் கிடப்பதற்கும் வேறுபாடு என்ன?

நம் கல்லூரியில் பெரும்பொருட்செலவு இன்றியே செய்யத்தக்கவை சில உண்டு. வாரம் ஒருமணி நேரம் நூலகத்தில் ஓலைச்சுவடி வாசிப்பும் கிரந்த எழுத்தும் கற்பிக்கலாம். கற்பிக்க வல்ல பெரியோர் நம் ஊரிலேயே இருக்கின்றனர். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்கள், தம் ஊரில் யார் வீட்டில் ஏடு இருக்கிறது என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். ஏட்டை எடுத்துவர வேண்டுவதில்லை. உண்டு என்ற குறிப்பு ஒன்றே பெருஞ்செல்வம். அது கோயில் ஏடாகவும் இருக்கலாம். தேவாலயப் பதிவேடாகவும் தர்காவின் பழைய தாளாகவும் இருக்கலாம். நூலகத்தில் உள்ள கணினியில் இணைய நூலகங்களைத் தேடும் முறையைப் புதிதாகச் சேரும் மாணவர்க்கு ஒரு நாள் கற்பிக்கலாம். இவற்றை எம் நூலகரிடம் சொன்னேன். 'வகுப்புக்கு ஆள் சேர்த்துக் கொடு. இடம் நான் தருகிறேன்' என்றார். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்துள்ளனர்.

முடிவுரை

ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் பேராசிரியரிடம் அளித்தேன். 'ஆகமம் இவ்வாறு கூறுகிறது' என்ற ஏழு இடங்களுள் நான்கினை நான் மூலத்தில் கண்டு உறுதி செய்திருந்தேன். மற்ற மூன்று எனக்கு அகப்படவில்லை. அவ்விடங்களில், 'மாபாடியம் காட்டும் மேற்கோளின்படி' என்று மாற்றி எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, அந்த மூன்று இடங்களின் ஓரத்தில் இம்முறையும் சிவப்பு மையால் ஏதோ எழுதினார். அச்சத்தோடு வாங்கிப் பார்த்தேன்.

'தேடிக்கொண்டிரு' என்று எழுதியிருந்தார்.